பண்டைய நாகரிகங்களின் சட்டமும் நீதியும்: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் பண்டைய நாகரிகங்கள் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் சேரும் இடத்திலெல்லாம் ஒரே மாதிரிச் சந்தேகங்கள் வருகின்றன. மாணவர்கள் கேட்பவை பாதி, ஆசிரியர்கள் கேட்பவை மீதி. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் மெசபடோமியாவை (இன்றைய ஈராக் பகுதி) சுற்றியே வரும். சட்டம், வழக்கு, தீர்ப்பு மூன்றும் அவ்வளவு பழங்காலத்திலிருந்து எழுத்தில் கிடைப்பது அங்கேதான். ஆண்டையும் எண்ணிக்கையையும் மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, சட்ட வாசகத்தையே பிள்ளைகள் கையில் கொடுத்து "இது யாரைக் காப்பாற்றுகிறது, யாரை விட்டுவிடுகிறது?" என்று கேட்க வைக்க வேண்டும். இந்தத் தொகுப்பு அதற்காகத்தான்.

1. உலகத்திலேயே முதன்முதலில் சட்டம் எழுதியவர் ஹம்முராபிதானே சார்?

இல்லை. ஹம்முராபி பாபிலோனின் முதல் அரச மரபில் ஆறாவது மன்னர், ஆட்சிக்காலம் கி.மு. 1792 முதல் 1750 வரை என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அவருக்குச் சுமார் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே 'ஊர்' என்றே பெயர்கொண்ட நகரத்தை ஆண்ட ஊர்-நம்முவின் பெயரில் சுமேரிய மொழியில் ஒரு சட்டத் தொகுப்பு இருந்தது. இன்றுவரை கிடைத்தவற்றில் அதுவே பழையது. இடையில் இசின் நகர மன்னர் லிபித்-இஷ்தாரின் தொகுப்பும், எஷ்னுன்னா நகரின் தொகுப்பும் உண்டு.

ஆகவே "முதல் சட்டம்" என்று எழுதிப் போடாமல், "முழு அளவுக்கு அருகில் கிடைத்த மிகப் பெரிய பழைய தொகுப்பு" என்று சொல்லிக் கொடுங்கள். எழுத்தில் வருவதற்கு முன்பும் ஊருக்கு ஊர் வழக்கம், பஞ்சாயத்து, பெரியவர் தீர்ப்பு எல்லாம் இருந்திருக்கும். நமக்குக் கிடைத்தது எழுதப்பட்டதில் தப்பியது மட்டுமே என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

2. 282 சட்டம்னு புத்தகத்துல இருக்கு. அதுல 13ஆவது சட்டமே கிடையாதாமே, ராசியில்லாத எண்ணுன்னு விட்டுட்டாங்களாமே?

இணையத்தில் சுற்றும் கதை இது. ஹம்முராபியின் சட்டங்களைப் பொறித்த கல்தூணில் எண்களே கிடையாது. 1901-02 குளிர்காலத்தில் ஈரானின் சூசா நகர அகழாய்வில், ழாக் தெ மோர்கன் தலைமையிலான பிரெஞ்சுக் குழுவுக்கு அந்தக் கல்தூண் கிடைத்தது. அதைப் படித்து மொழிபெயர்த்து 1902இல் வெளியிட்ட ழான்-வின்சென்ட் ஷெய்ல் வசதிக்காகப் போட்டதுதான் 1 முதல் 282 வரையிலான வரிசை. 13ஆம் சட்டம் இருக்கிறது. அருமையான சட்டம் அது. 9ஆம் கேள்வியில் அதற்கு வேலை வருகிறது.

பாபிலோனியாவில் எழுந்த தூண் ஈரானுக்கு எப்படிப் போனது என்று அடுத்த கேள்வி கட்டாயம் வரும். கி.மு. 12ஆம் நூற்றாண்டில், சூசா இருந்த ஏலாம் நாட்டின் மன்னர் ஷுத்ருக்-நக்குந்தே மெசபடோமியா மீது படையெடுத்தபோது கொள்ளைப் பொருளாகத் தூக்கிச் சென்றார். தூணின் அடிப்பகுதியில் சில பத்திகளைத் தேய்த்து அழித்தும் இருக்கிறார்கள். அதனால்தான் 66 முதல் 99 வரையிலான பகுதியில் பெரிய இடைவெளி. களிமண் பலகைகளில் கிடைத்த பிரதிகளை வைத்து அதில் ஒரு பகுதியை மீட்டிருக்கிறார்கள். தூண் இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, உயரம் 2.25 மீட்டர். வகுப்பறைச் சுவரில் அந்த உயரத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள். பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

3. தூண் உச்சியில ரெண்டு பேர் இருக்காங்களே, அதுல ராஜா யாரு?

நின்றுகொண்டிருப்பவர் ஹம்முராபி. உட்கார்ந்திருப்பவர் ஷமாஷ், சூரிய தெய்வம். நீதிக்கும் அவரே தெய்வம். தோளிலிருந்து கதிர்கள் கிளம்புவதைப் பார்க்கலாம். கையில் கோலும் வளையமும் இருக்கின்றன. பிள்ளைகள் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவரையே அரசர் என்று சொல்வார்கள். உடனே திருத்த வேண்டாம். "அரசரே எழுந்து நிற்கிறார் என்றால் எதிரில் யார் இருக்க வேண்டும்?" என்று கேட்டால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

4. கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல். ஹம்முராபி சட்டம்னா இவ்வளவுதானா?

பாடத்தில் அதிகம் கெட்டுப்போகும் இடம் இதுதான். "கண்ணுக்குக் கண்" என்பது 196ஆம் சட்டம். அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிப் பொய்யாகிவிடும். அடுத்தடுத்த மூன்றையும் பலகையில் எழுதுங்கள். மேல்தட்டு மனிதன் இன்னொரு மேல்தட்டு மனிதனின் கண்ணைக் கெடுத்தால் அவன் கண் போகும். சாமானியன் ஒருவனின் கண்ணைக் கெடுத்தால் ஒரு மினா வெள்ளி கட்டினால் போதும். மேல்தட்டு மனிதனுக்குச் சொந்தமான அடிமையின் கண்ணைக் கெடுத்தால் அடிமையின் விலையில் பாதியைக் கொடுக்க வேண்டும். முதல் வகையினரை அவீலும் என்றும், இரண்டாம் வகையினரை முஷ்கேனும் என்றும் தூண் அழைக்கிறது. ஒரே காயத்துக்கு மூன்று விலை. இதைப் பார்த்த பிறகு வகுப்பு தானாகவே பேச ஆரம்பிக்கும்.

இன்னொன்று. பழைய காலம் கொடூரம், காலம் போகப் போக இரக்கம் வந்தது என்று ஒரு நேர்கோட்டை நாம் மனதில் போட்டு வைத்திருக்கிறோம். ஊர்-நம்முவின் தொகுப்பில் பல்லை உடைத்தால் 2 ஷெகல் வெள்ளி அபராதம். அதற்குப் பின்னால் வந்த ஹம்முராபியிடம்தான், சமமானவர்களுக்குள் பல்லுக்குப் பல். நேர்கோடு அங்கேயே முறிந்துவிடுகிறது.

206ஆம் சட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். கைகலப்பில் ஒருவனைக் காயப்படுத்தியவன் "வேண்டுமென்று அடிக்கவில்லை" என்று சத்தியம் செய்தால் மருத்துவச் செலவை மட்டும் கொடுத்தால் போதும். செய்த செயலோடு செய்தவனின் எண்ணத்தையும் எடை போட அப்போதே தெரிந்திருக்கிறது.

5. மினா, ஷெகல் எல்லாம் பிள்ளைகளுக்குப் புரியலை. நம்ம ரூபாயில சொல்லலாமா?

ரூபாயில் மாற்றாதீர்கள், இன்றைய வெள்ளி விலையை வைத்துச் சொன்னால் தப்பான படம்தான் கிடைக்கும். கூலியில் சொல்லுங்கள். 60 ஷெகல் ஒரு மினா. ஒரு ஷெகல் சுமார் 8 கிராம், ஒரு மினா சுமார் அரை கிலோ. எஷ்னுன்னா சட்டத் தொகுப்பின் தொடக்கத்திலேயே விலைப்பட்டியல் இருக்கிறது: ஒரு ஷெகல் வெள்ளிக்கு ஒரு கூர் பார்லி, அதாவது ஏறக்குறைய 300 லிட்டர். ஹம்முராபியின் 257ஆம் சட்டம் வயலில் வேலை செய்யும் ஆளுக்கு ஆண்டுக்கு 8 கூர் தானியம் கூலி என்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு மினா என்பது 60 கூர் பார்லி, அதாவது ஒரு பண்ணையாளின் ஏழரை ஆண்டுக் கூலி. சாமானியனின் கண்ணுக்கு விதித்த அபராதம் சின்னத் தொகை இல்லை என்று அப்போது தெரியும். இரண்டும் வேறு வேறு நகரத்துத் தொகுப்புகள், சந்தை விலை ஏறி இறங்கியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கணக்கு ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் அவரையும் இழுத்துக்கொள்ளலாம்.

6. எந்தச் சட்டத்துல ஆரம்பிச்சா பிள்ளைங்க ஒன்றிப் போவாங்க?

தண்ணீரில் ஆரம்பியுங்கள். யூப்ரடீஸ், டைக்ரிஸ் சமவெளி முழுக்க வாய்க்கால் பாசனம். 53, 54ஆம் சட்டங்கள் இப்படிப் போகின்றன: ஒருவன் தன் வயலோரக் கரையைப் பராமரிக்காமல் சோம்பலாக விட்டு, அது உடைத்துக்கொண்டு அடுத்தவர் வயல்களில் தண்ணீர் புகுந்தால், அழிந்த தானியத்தை அவனே ஈடு செய்ய வேண்டும். முடியாவிட்டால் அவனையும் அவன் உடைமைகளையும் விற்று, பணத்தைப் பாதிக்கப்பட்டவர்கள் பிரித்துக்கொள்ளலாம். 55ஆம் சட்டம் மடையைத் திறந்துவிட்டுக் கவனிக்காமல் போனவனைப் பற்றியது. டெல்டா மாவட்டத்துப் பள்ளியில் இதைப் படித்துக் காட்டினால், மடை திறந்து பாய்ச்சுவதில் வந்த சண்டையை எப்போதோ கண்ணால் பார்த்த பிள்ளை ஒன்றாவது கை தூக்கும். அந்தப் பிள்ளையே மேற்கொண்டு நடத்தட்டும்.

அடுத்து 48ஆம் சட்டம். எனக்கு மிகவும் பிடித்தது. கடன் வாங்கிய உழவனின் வயலைப் புயல் தெய்வம் அதாத் வெள்ளத்தில் அடித்துப் போனாலோ, தண்ணீரில்லாமல் பயிர் விளையாமல் போனாலோ, அந்த ஆண்டு அவன் கடன் கொடுத்தவருக்குத் தானியம் தர வேண்டியதில்லை. கடன் பலகையை நனைத்து எழுத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்த ஆண்டுக்கு வட்டியும் கிடையாது. பயிர்க்கடன் தள்ளுபடி பற்றி வீட்டில் பேச்சுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. பாபிலோனியச் சட்டம் என்றதும் "கண்ணுக்குக் கண்" நினைவுக்கு வரும் இடத்தில் இந்த நனைந்த பலகை நினைவுக்கு வந்தால் பாடம் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

7. அப்ப கோர்ட்டு, வக்கீல் எல்லாம் இருந்துச்சா? வழக்கு எப்படி நடக்கும்?

நீதிபதிகள் இருந்தார்கள், நகர மன்றங்கள் இருந்தன, பெரிய வழக்குகள் அரசர் வரை போயின. வாதாடுவதையே தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர் இல்லை. வாதியும் பிரதிவாதியும் நேரில் பேச வேண்டும். சாட்சி, எழுத்துப் பத்திரம், தெய்வத்தின் முன் சத்தியம் மூன்றும் முக்கியம். கொலைக்குற்றம் சுமத்தி நிரூபிக்க முடியாதவனுக்கே மரண தண்டனை. இது முதல் சட்டம். முத்திரையிட்டுத் தீர்ப்பு வழங்கிவிட்டுப் பிறகு அதை மாற்றும் நீதிபதி, வழக்குத் தொகையைப் போல 12 மடங்கு கட்டி, மறுபடி உட்கார முடியாதபடி பதவியை இழக்க வேண்டும். இது ஐந்தாம் சட்டம். தொகுப்பின் தொடக்கமே பொய்க் குற்றச்சாட்டு, பொய்ச் சாட்சி, தவறிய நீதிபதி என்று போவதைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள்.

சாட்சியே இல்லாத குற்றச்சாட்டுகளும் உண்டு. சூனியம் வைத்ததாக ஒருவன் மேல் பழி வந்து நிரூபிக்க முடியாவிட்டால், அவன் ஆற்றில் குதிக்க வேண்டும். ஆறு அவனைக் கொண்டுபோனால் குற்றவாளி. பிழைத்து வந்தால், பழி சுமத்தியவனுக்கு மரணம். அவன் வீடு பிழைத்தவனுக்கு. இதை மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாமல், மனித சாட்சி தீர்ந்துபோன இடத்தில் மட்டுமே ஆற்றைக் கேட்டார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

8. களிமண் பலகை செய்முறை வைக்கலாம்னு இருக்கோம். ஏதாவது யோசனை?

வெறும் பலகையோடு நிறுத்தாமல் உறையும் சேர்த்துச் செய்யுங்கள். பாபிலோனியர்கள் ஒப்பந்தத்தைச் சிறு பலகையில் எழுதி, அதன்மேல் மெல்லிய களிமண் உறை போர்த்தி, அதே வாசகத்தை உறையின்மேல் மறுபடி எழுதுவார்கள். சாட்சிகள் உறையில் உருளை முத்திரையை உருட்டுவார்கள். முத்திரை இல்லாதவர்கள் விரல் நகத்தையோ ஆடையின் ஓரத்தையோ அழுத்துவதும் உண்டு. பிற்பாடு யாராவது வெளி வாசகத்தைத் திருத்திவிட்டார்கள் என்று தகராறு வந்தால், நீதிபதி முன் உறையை உடைத்து உள்ளே இருப்பதைப் படிக்கலாம்.

குயவரிடமோ ஏரிக்கரையிலோ கிடைக்கும் நல்ல களிமண் போதும். ஐஸ் குச்சியின் முனையைச் சதுரமாக வெட்டி அதன் மூலையை அழுத்தினால் ஆப்பு வடிவக் குறி விழும். உள்பலகை நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் மண்பொடி தூவிவிட்டு உறை போர்த்துங்கள், இல்லையென்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். "நான் உனக்கு மூன்று பென்சில் தர வேண்டும்" என்ற அளவில் இரண்டிரண்டு பேராக ஒப்பந்தம் எழுதட்டும். அடுத்த வாரம் ஒரு பொய்த் தகராறை நீங்களே கிளப்பி, உறையை வகுப்பின் முன் உடையுங்கள். உடைபடும் சத்தத்தில் வகுப்பு முழுக்க எட்டிப் பார்க்கும். எழுத்துச் சான்று என்றால் என்ன என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

9. கோவலனை ஹம்முராபி ஊர்ல பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?

ஒரு மாணவன் கேட்ட கேள்வி. இப்போது பலரும் செயல்பாடாக வைத்துக்கொள்கிறார்கள். 6ஆம் சட்டப்படி அரண்மனைப் பொருளைத் திருடினால் மரணம்தான். ஆகவே தண்டனையில் மதுரைக்கும் பாபிலோனுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் விசாரணையில்.

9 முதல் 13 வரையிலான சட்டங்கள் இப்படிப்பட்ட வழக்குக்கென்றே எழுதியவை போல இருக்கும். காணாமல்போன பொருள் ஒருவன் கையில் இருந்தால், பொருளின் சொந்தக்காரர் அதை அடையாளம் சொல்லும் சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். வைத்திருப்பவன் அது தனக்கு எப்படி வந்தது என்று காட்டச் சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். சாட்சி பக்கத்தில் இல்லையென்றால் நீதிபதிகள் ஆறு மாதம் தவணை தர வேண்டும். இணையத்தில் காணாமல்போன அந்த 13ஆம் சட்டம் இதுதான். கோவலனின் சாட்சி எங்கேயும் போய்விடவில்லை, மாதரி வீட்டில் இன்னொரு சிலம்போடு உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதம் வேண்டாம், அரை நாள் போதும். கண்ணகி வந்து உடைத்திருந்தால் முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்திருக்கும். உயிர் போகும் வழக்கில் பொய் சொன்ன பொற்கொல்லன்தான் 3ஆம் சட்டப்படி இறந்திருப்பான்.

"யானோ அரசன் யானே கள்வன்" என்று பாண்டியன் சொல்வதை இந்த இடத்தில் வாசித்துக் காட்டுங்கள். தன் தவறு விசாரிக்காமல் விட்டதுதான் என்று அவனுக்கே தெரிந்துவிடுகிறது.

10. மனுநீதிச் சோழன் கதையும் உயிருக்கு உயிர்தானே? அப்ப ரெண்டும் ஒண்ணா?

மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்று. 229 முதல் 232 வரையிலான சட்டங்களை எடுத்துப் பாருங்கள். கொத்தனார் கட்டிய வீடு உறுதியில்லாமல் இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கொத்தனாருக்கு மரணம். வீட்டுக்காரனின் மகன் செத்தால் கொத்தனாரின் மகனுக்கு மரணம். அடிமை செத்தால் அடிமைக்கு அடிமை. பொருள் நாசமானால் ஈடு கொடுத்து, தன் செலவில் வீட்டைக் கட்டித் தர வேண்டும். இரண்டாவதைக் கவனியுங்கள். கொத்தனாரின் மகன் ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டிருக்க மாட்டான். அப்பாவின் பிழைக்குப் பிள்ளை சாகிறான். மகன் என்பவன் அங்கே அப்பாவின் உடைமைபோலக் கணக்கில் வருகிறான்.

திருவாரூர்க் கதையில் தேரோட்டியது இளவரசனே. கன்றைக் கொன்றவன் அவனே. தண்டனை செய்தவனுக்கே போகிறது, அரசன் மகன் என்பதற்காக விலக்கில்லை. ஹம்முராபி தூணில் அரசரையோ அரசர் மகனையோ விசாரிக்க ஒரு சட்டமும் இல்லை. ஒன்று கதை, மற்றது கல்வெட்டு என்பதையும் சொல்லிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

11. எகிப்து, சிந்துவெளி பத்தி ஏன் சட்டம்னு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?

எகிப்தில் ஹம்முராபி தூண் போல ஒரு பழைய சட்டத் தொகுப்பு இதுவரை கிடைக்கவில்லை. மாஆத் என்ற கருத்து இருந்தது. உண்மை, ஒழுங்கு, நீதி மூன்றும் அதில் அடக்கம். இறந்தவரின் இதயத்தை மாஆத்தின் இறகோடு தராசில் வைக்கும் ஓவியம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் வழக்குப் பதிவுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அரச கல்லறைத் தொழிலாளர்கள் வாழ்ந்த தெய்ர் எல்-மதீனா கிராமத்தில் ஊர் மன்றமே கடன், கழுதை வாடகைத் தகராறுகளை விசாரித்தது. ஒன்பதாம் ராமசேஸ் காலத்தில் கல்லறைக் கொள்ளையர் விசாரணை பாப்பிரஸில் பதிவாகியிருக்கிறது. சந்தேகப்பட்டவர்களை அடித்து வாக்குமூலம் வாங்கியதும் அதிலேயே இருக்கிறது.

சிந்துவெளி எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. ஆகவே அங்கே இன்ன சட்டம் இருந்தது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் லோத்தலிலும் ஒரே அளவு முறைப்படி செய்த கனசதுர எடைக்கற்கள் கிடைக்கின்றன. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டிப்பாக ஏறும். எடையில் ஏமாற்றக் கூடாது என்ற அக்கறை இருந்தது என்றுவரை ஊகிக்கலாம். ஊர்-நம்முவும் தன் முன்னுரையில் எடைக்கற்களை ஒழுங்குபடுத்தியதைப் பெருமையாகச் சொல்கிறார். எடைக்கல்லும் நீதியின் ஒரு கருவிதான்.

12. பெண்களுக்கு இந்தச் சட்டத்துல ஏதாவது உரிமை இருந்துச்சா மிஸ்?

இருந்தது, பாதுகாப்பும் கொடுமையும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் திருமணம் செல்லாது. மனைவி நோயில் விழுந்தால் கணவன் வேறு திருமணம் செய்யலாம், ஆனால் அவளைத் தள்ளிவைக்க முடியாது. அவள் உயிரோடு இருக்கும்வரை காப்பாற்ற வேண்டும். சிப்பார் நகரில் நதீத்து எனப்படும் துறவுப் பெண்கள் நிலம் வாங்கி, குத்தகைக்கு விட்டு, வழக்காடிய பத்திரங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன.

142, 143ஐச் சேர்த்தே படியுங்கள். கணவனோடு வாழ மறுக்கும் பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். அவள்மேல் குற்றமில்லை, அவன்தான் வெளியே திரிகிறான் என்றால், சீதனத்தை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போகலாம். குற்றம் அவள்மேல் என்றால் தண்ணீரில் போட வேண்டும். வெளியே திரிந்த கணவனுக்கு இங்கே என்ன தண்டனை என்று தேடச் சொல்லுங்கள். சீதனம் கைவிட்டுப் போவதைத் தவிர ஒன்றுமில்லை.

13. கை வெட்டுறது, தண்ணியில போடுறதெல்லாம் சின்னப் பிள்ளைங்ககிட்ட சொல்லலாமா?

ஆறாம் வகுப்பு என்றால் தண்ணீர், கடன், எடைக்கல், கொத்தனார் போதும். ஒன்பதாம் வகுப்புக்கு மறைக்கத் தேவையில்லை. நாடகமாக நடிக்கும்போது தண்டனை நிறைவேற்றுவதை நடிக்க விடாதீர்கள். தீர்ப்பு வாசிப்பதோடு முடியட்டும்.

14. இவ்வளவு சட்டம் எழுதி வெச்சாரே, உண்மையில நீதிபதிகள் அதைப் பார்த்துத்தான் தீர்ப்பு சொன்னாங்களா?

ஆசிரியர்களுக்கே வியப்பாக இருக்கும் பதில் இது. அக்கால மெசபடோமியாவிலிருந்து ஒப்பந்தங்களும் வழக்குப் பதிவுகளுமாக ஆயிரக்கணக்கில் பலகைகள் கிடைத்திருக்கின்றன. "ஹம்முராபியின் இந்தச் சட்டப்படி" என்று காரணம் காட்டித் தீர்ப்பு சொன்ன பதிவை அவற்றில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீதிபதிகள் ஊர் வழக்கத்தையும் சாட்சியையும் பத்திரத்தையும் வைத்தே முடிவெடுத்தார்கள். லார்சா பகுதியில் இருந்த அதிகாரி ஷமாஷ்-ஹாசிருக்கு ஹம்முராபி அனுப்பிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. நிலத் தகராறுகளில் அரசரே நேரடியாகத் தலையிடுகிறார். அங்கேயும் தன் தூணை மேற்கோள் காட்டுவதில்லை.

அப்படியானால் தூண் எதற்கு? "நான் நீதியுள்ள அரசன்" என்று தெய்வங்களுக்கும் பின்வரும் அரசர்களுக்கும் காட்டும் சாசனம் அது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். முடிவுரையில், வலியவன் எளியவனை ஒடுக்காதிருக்கவும் அனாதைக்கும் விதவைக்கும் நீதி கிடைக்கவும் இதை எழுதியதாகச் சொல்கிறார். அநீதி இழைக்கப்பட்டவன் தூணின் முன் வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டு மனம் ஆறட்டும் என்றும் சொல்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதால்தான் "வாசிக்கச் சொல்லிக் கேட்டு". சட்டத்தை எழுத்துப் பயிற்சிப் பாடமாக ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மாணவர்கள் பிரதி எடுத்தார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டு அசிரிய மன்னர் அசுர்பனிபாலின் நினிவே நூலகத்திலும் பிரதிகள் இருந்தன.

அரசரின் வாக்கு நேரடியாக வேலை செய்த இடம் வேறு: கடன் ரத்து ஆணைகள். ஹம்முராபியின் வழிவந்த அம்மி-சதுக்காவின் ஆணை விரிவாகவே கிடைத்திருக்கிறது. 48ஆம் சட்டத்தை நடத்தும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

15. சட்டத்தை எல்லாரும் பார்க்க எழுதி வெச்சா நல்லதுதானே? அதுல என்ன விவாதம்?

சீனாவில் பெரிய விவாதமே நடந்தது. கி.மு. 536இல் ட்செங் நாட்டின் அமைச்சர் ட்சு-சான் தண்டனைச் சட்டங்களை வெண்கலப் பாத்திரங்களில் வார்த்துப் பொதுவில் வைத்தார். பக்கத்து ஜின் நாட்டு அமைச்சர் ஷு-சியாங் கண்டித்துக் கடிதம் எழுதினார்: எழுத்தைப் பார்த்துவிட்டால் மக்கள் பெரியவர்களுக்கு அஞ்ச மாட்டார்கள், ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொண்டு வழக்காடுவார்கள். ரோமில் இதற்கு நேர்மாறு. எழுதாத சட்டம் உயர்குடியினர் கையில் மட்டும் இருந்ததால் சாமானியர்கள் போராடி, கி.மு. 451-450இல் பன்னிரு பலகைச் சட்டங்களை எழுத வைத்தார்கள்.

வகுப்பை இரண்டாகப் பிரித்து ஷு-சியாங் பக்கம் ஒரு அணியை வாதாடச் சொல்லுங்கள். அந்த அணிக்கு நன்றாகப் பேசும் பிள்ளைகளைக் கொடுங்கள். அதுதான் கடினமான பக்கம்.

16. மூணு தட்டு மக்கள், மூணு விதத் தண்டனைன்னதும் பிள்ளைங்க சாதியைப் பத்திக் கேட்கறாங்க. பேச்சை மாத்திடலாமா?

மாற்றாதீர்கள். கேள்வி நியாயமானது. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயத்தில், பிராமணரை இழித்துப் பேசினால் சத்திரியனுக்கு 100 பணம், வைசியனுக்கு 150 அல்லது 200 பணம், சூத்திரனுக்கு உடல்தண்டனை என்று இருக்கிறது. அதை 196 முதல் 199 வரையிலான சட்டங்களின் பக்கத்தில் எழுதிப் போடலாம். செய்தவனும் பட்டவனும் யார் என்பதை வைத்துத் தண்டனை ஏறி இறங்குவது இரண்டிலும் பொது.

வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். பாபிலோனில் கடனுக்காக அடிமையான மனைவி மக்களை மூன்று ஆண்டு கழித்து நான்காம் ஆண்டில் விடுவிக்க வேண்டும் என்கிறது 117ஆம் சட்டம். அரண்மனை அடிமை ஒருவன் மேல்தட்டுப் பெண்ணை மணந்தால் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்கிறது 175. தட்டு இருந்தது, தட்டு மாறும் வழியும் இருந்தது. பிறகு அரசியலமைப்பின் 14ஆம், 17ஆம் பிரிவுகளைப் படிக்க வையுங்கள். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று எழுதிவைப்பது மனித வரலாற்றில் எவ்வளவு புதிய செய்தி என்று பிள்ளைகளுக்கு அப்போது தெரியும். உங்கள் வகுப்பில் யாரையும் சுட்டி, அவர்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லச் சொல்லாதீர்கள். தானாக எழுந்து பேசினால் முழுவதும் கேளுங்கள்.

17. நிப்பூர் கொலை வழக்கை நாடகமா போட்டோம். அந்த அம்மா பயத்துல பேசாம இருந்திருக்கலாமேன்னு ஒரு பொண்ணு கேட்டா. என்ன சொல்றது?

வழக்கு தெரியாதவர்களுக்குச் சுருக்கம்: இசினை ஆண்ட மன்னர் ஊர்-நினுர்த்தா காலத்தில் மூன்று பேர் சேர்ந்து லு-இனன்னா என்ற கோயில் அலுவலரைக் கொன்றார்கள்; மூவரில் ஒருவன் அடிமை. கொன்றுவிட்டு லு-இனன்னாவின் மனைவி நின்-தாதாவிடம் போய்ச் சொன்னார்கள். அவள் வாயே திறக்கவில்லை. வழக்கை அரசர் நிப்பூர் நகர மன்றத்துக்கு அனுப்பினார். பறவை பிடிப்பவர், குயவர், தோட்டக்காரர் உட்படப் பலர் அங்கே பேசினார்கள். நால்வரையும் கொல்ல வேண்டும் என்றது பெரும்பான்மை. இரண்டு பேர் மட்டும் எழுந்து, "கொன்றது அவள் இல்லையே, அவள் என்ன செய்தாள் சாவதற்கு?" என்று கேட்டார்கள். மன்றம் ஏற்கவில்லை. கணவனை மதிக்காதவள் அவன் எதிரியோடு சேர்ந்திருக்கலாம், கொன்றவர்களைவிட இவள் குற்றமே பெரிது என்று முடிவாயிற்று. முதலில் கிடைத்த துண்டுகளை வைத்து ஆய்வாளர் கிரேமர் அவள் விடுவிக்கப்பட்டதாகவே படித்தார். முழுமையான பிரதியைச் சேர்த்துப் படித்தபோதுதான் தீர்ப்பு தலைகீழானது.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பலகையில் பதில் இல்லை. பலகையில் நின்-தாதா ஒரு வார்த்தைகூடப் பேசுவதாக இல்லை. அவளை யாராவது மிரட்டினார்களா என்று மன்றத்தில் ஒருவரும் விசாரித்ததாகவும் இல்லை. 7ஆம் பதிலில் பார்த்த சாட்சி, சத்தியம் எதுவும் அவள் விஷயத்தில் பதிவாகவில்லை. "சேர்ந்திருக்கலாம்" என்ற ஊகத்தின்மேல்தான் தீர்ப்பு நிற்கிறது. இதை அப்படியே சொல்லுங்கள். சுமேரியப் பள்ளிகளில் இந்த வழக்கைப் பாடமாக வைத்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள், அதனால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் நமக்குக் கிடைத்தன. அடுத்த முறை நாடகம் போடும்போது நின்-தாதாவுக்கு ஒரு நாற்காலி போட்டு, அந்தப் பெண்ணையே உட்கார வைத்துப் பேச விடுங்கள். அவள் பேசி முடித்த பிறகு மன்றம் மறுபடி வாக்கெடுக்கட்டும்.